ஆறாம் வகுப்பின் வாசல்

குழந்தைகளிடம் அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. மற்ற எல்லாரிடமும் கோபித்துக்கொண்டார். சீருடைக்கு அளவெடுக்க வந்த தையற்காரரிடம், சுற்றறிக்கை கொண்டுவந்த அலுவலகப் பணியாளரிடம், கார்த்திகை நாளில் ஒலிபெருக்கியை வகுப்பறைச் சன்னலுக்கு நேரே திருப்பிக் கட்டியவர்களிடம், தலைமையாசிரியையிடம், என்னிடம். தெருவில் போகிறவர் நின்று பார்க்கும் அளவுக்கு உரத்த குரல் அவருக்கு. அந்தக் குரலை வகுப்பறை வாசலில் வெளிப்பக்கம் பார்த்துத்தான் உயர்த்துவார். உள்பக்கம் திரும்பியதும் அது பாதியாகக் குறைந்துவிடும்.

ஆசிரியப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் என்னைத் திருத்தணியில் ஓர் உதவிபெறும் நடுநிலைப்பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்து, அந்த வகுப்பின் ஆசிரியையான அவர் கணக்குப் பாடம் நடத்துவதைக் கவனித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சில வாரங்களுக்குப் பின் நானே பாடம் நடத்த வேண்டும். முதல் நாள் கல்லூரிச் சீருடைச் சேலை கட்டிக்கொண்டு, கையில் புதுப் பதிவேட்டுடன், திறந்திருந்த கதவின் வழியே நேராக உள்ளே நடந்தேன்.

"எங்க போறீங்க?"

"பாடம் கவனிக்கணும் டீச்சர். பெரிய டீச்சர் சொல்லி அனுப்பினாங்க." தலைமையாசிரியையை அங்கே எல்லாரும் அப்படித்தான் அழைத்தார்கள்.

"அவங்க சொன்னாங்களா? இங்க முப்பது பேர் உக்காந்துகினு இருக்காங்களே, இவங்க சொன்னாங்களா? வெளிய போய்க் கேளுங்க."

விளையாட்டு என்று எண்ணிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே போய் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டேன். முன்வரிசை ஓரத்திலிருந்து ஒரு சிறுமி எழுந்து வாசலுக்கு வந்தாள். இரட்டைச் சடையை மடித்துச் சிவப்பு நாடாவால் கட்டியிருந்தாள். பெயர் மஞ்சுளா என்பது பிறகு தெரிந்தது.

"யாரு நீங்க?"

"பயிற்சி ஆசிரியை."

"டிரெய்னிங் டீச்சரா? இன்னாத்துக்கு வந்துகிறீங்க?"

"நீங்க எப்படிப் படிக்கிறீங்கன்னு பார்த்து எழுதிக்கணும்."

"எங்களப் பத்தியா?" அவள் என் பதிவேட்டைப் பார்த்தாள். "தப்பா எழுதுவீங்களா?"

"மாட்டேன்."

அவள் வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "உடலாமாடா?" என்றாள். "மத்தியானத்துக்கு இன்னா எடுத்துகினு வந்தாங்கன்னு கேளு!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். புளிச்சோறு என்றேன். "சரி, வாங்க" என்று வழிவிட்டாள்.

இது எனக்காகச் செய்த ஏற்பாடன்று. அந்த வகுப்பறைக்குள் நுழையும் பெரியவர் எவராயினும் வாசலில் நின்று குழந்தைகளின் இசைவைக் கேட்க வேண்டும். அவரும் நாள்தோறும் காலையில் கேட்டார். குழந்தைகளுக்கு மட்டும் அந்த விதி இல்லை. கே.ஜி.கண்டிகைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பேருந்து எந்நாளும் நேரத்துக்கு வாய்த்ததில்லை. மற்ற வகுப்புகளில் தாமதமாக வந்தோர் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்றிருப்பார்கள். நின்று முடித்தபின் வாசலில் கைகட்டி, குனிந்து, உள்ளே வரலாமா என்று கெஞ்ச வேண்டும். அவருடைய வகுப்பில் பேசாமல் வந்து தம் இடத்தில் அமர்ந்துகொள்வார்கள். பக்கத்திலிருப்பவர் எந்தக் கணக்கு நடக்கிறது என்று விரலால் காட்டுவார். அவ்வளவே.

"அவங்க இடத்துக்கு அவங்க வர்றாங்க. எவனக் கேக்கணும்?" என்றார் என்னிடம். "நாமதான் வெளியாளு."

குள்ளமான உடல், சேலை மடிப்பைத் தோளில் இரண்டு ஊசி குத்தி இறுக்கியிருப்பார், சுண்ணக்கட்டி ஒட்டிய விரலால் நெற்றியைத் துடைத்துத் துடைத்துப் பத்து மணிக்கெல்லாம் நெற்றி வெளுத்துவிடும். ஆசிரியர் மேசையைப் பின்சுவரோடு தள்ளிச் சாப்பாட்டுப் பைகளை வைக்கக் கொடுத்துவிட்டிருந்தார். எந்த இருக்கையில் இடமிருக்கிறதோ அங்கே நெருங்கி உட்கார்ந்து கணக்குப் போடுவார். அவர் போட்ட கணக்கில் தவறு கண்டுபிடிக்கும் குழந்தைக்கு, அன்று கரும்பலகையைத் துடைக்கும் உரிமை உண்டு; அதற்காகவே சில நாள் தவறாகப் போடுகிறார் என்று நான் ஐயுற்றேன். பாதிக் குழந்தைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கணக்கைத் தெலுங்கில் சொல்லி விளங்கிக்கொண்டு தமிழில் எழுதுவார்கள். அதைத் தடுக்க வந்த தமிழாசிரியர் ஒருவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்.

தையற்காரர் அளவெடுக்க வந்த நாளும் நினைவிருக்கிறது. இசைவு கேட்டுத்தான் உள்ளே வந்தார். வந்தவர் நாடாவை உதறிக்கொண்டு, "ஏய் குண்டு, நீ வா மொதல்ல" என்றார். அழைக்கப்பட்ட பையன் எழுவதற்குள் ஆசிரியை எழுந்துவிட்டார்.

"அவனுக்குப் பேரு இருக்குது. கேட்டீங்களா?"

"இன்னா டீச்சர், சும்மா ஒரு பேச்சுக்கு..."

"உங்க கடைல வந்து உங்கள நான் 'ஏய் சொட்ட'ன்னு கூப்புட்டா, அதுவும் ஒரு பேச்சுதான். பேரு கேளுங்க. இல்லன்னா நாடாவச் சுருட்டுங்க."

முப்பது பேரிடமும் பெயர் கேட்டுத்தான் அன்று தையற்காரர் அளவெடுத்தார். குழந்தைகள் வேண்டுமென்றே அப்பன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்து நீட்டிச் சொன்னார்கள்.

பெரிய டீச்சர் வாசலில் நிற்க நேர்ந்தது அடுத்த வாரம். கையில் ஏதோ சுற்றறிக்கை. மற்ற வகுப்புகளுக்குள் போவதுபோல் நேரே நுழையப் போனவர், ஆசிரியை நகராமல் நின்றதைக் கண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ள வரலாமா பசங்களா?" என்றார். மஞ்சுளா எழுதிக்கொண்டிருந்த ஏட்டிலிருந்து தலையை உயர்த்தாமலே சொன்னாள்:

"ஒரு கணக்கு பாக்கி இருக்குது டீச்சர். முடிச்சிட்டுச் சொல்றோம், இருங்க."

துடுக்கில்லை அதில். அடுப்பில் பால் இருக்கிறது, பொறுங்கள் என்று வீட்டில் சொல்வது போன்ற குரல். பெரிய டீச்சர் காத்திருக்கவில்லை. இடைவேளையில் வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பசங்க வாய் ரொம்ப நீளுது டீச்சர்."

"ஆங், நீளட்டும். அதுக்குத்தான வர்றாங்க."

அந்தப் பெரிய டீச்சரைச் சென்ற மாதம் மீண்டும் பார்த்தேன். பணி ஓய்வு பெற்றபின் ஆசிரியர் பயிற்சிகளில் கருத்தாளராகப் பேசி வருகிறாராம். நானும் இப்போது ஆசிரியை என்பதால் எதிரே அமர்ந்து கேட்க வேண்டியதாயிற்று. பின்னால் கட்டியிருந்த துணியில் 'மாணவர் மைய வகுப்பறை' என்று அச்சிட்டிருந்தது. வகுப்பறைக் கதவில் வண்ணத்தாளில் 'இனிதே வருக' என்று வெட்டி ஒட்டுங்கள், சிரித்த முகப் படங்களை மாட்டுங்கள், குழந்தை உள்ளே வரும்போதே மகிழ்ச்சி பொங்க வேண்டும் என்று இனிய குரலில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியெல்லாம் என் கைகளைப் பார்க்கக் கூசியது. அன்று எழாத கோபம்தான் இன்று இதை எழுதவைக்கிறது.

இனி என் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரிப் பேராசிரியருக்கு ஒரே கோட்பாடு. "கண்டதை எழுதுங்கள், கருதியதை எழுதாதீர்கள்." முதல் வாரம் நான் எழுதிக் கொடுத்த பக்கங்களில் 'அன்புடன்', 'பொறுமையாக', 'குழந்தைகளின் மனமறிந்து' என்ற சொற்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'கருத்து' என்று ஒற்றைச் சொல் எழுதியிருந்தார். நான் விரைவாகக் கற்றுக்கொண்டேன். அடைமொழிகளைக் களைந்தேன். காரணங்களைக் களைந்தேன். பிறர் சொன்னது, நான் ஊகித்தது எதுவும் இல்லாமல், கண்ணால் கண்ட செயல்கள் மட்டும் வரிசையாய் நிற்கும் உரைநடை எனக்குக் கைவந்தது. பேராசிரியர் என் பக்கங்களை மற்ற மாணவியருக்குப் படித்துக் காட்டினார். எவ்வளவு செருக்கு எனக்கு அதில்!

ஆடிக் கார்த்திகை முடிந்த மறு வாரம். மஞ்சுளா மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்தாள். அவளுடைய நைனா நோயில் படுத்து எழுந்ததற்காக வீட்டார் மலையில் முடி காணிக்கை கொடுத்திருந்தார்கள். மழித்த தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கட்டச் சடை இல்லாத நாடாக்கள் இரண்டையும் மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். பேருந்திலிருந்து இறங்கி வகுப்பறை வரைக்கும் வந்தவள் வாசலுக்கு நான்கடி முன்னால் வராந்தாத் தூணருகே நின்றுவிட்டாள்.

அவர் பார்த்தார். கரும்பலகையிலிருந்து நகர்ந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயும் வெளியேயும் கேட்கும்படி, அங்கிருந்தபடியே பின்னக் கணக்கைத் தொடர்ந்தார்.

நான் எழுந்து போய், "நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்றேன்.

"உக்காருங்க." குரல் தாழ்ந்திருந்தாலும் சூடு இருந்தது. "கூப்ட்டா வந்துடுவா. வந்துட்டு சாயந்தரம் வரைக்கும் தலையைக் குனிஞ்சுகினு உக்காந்திருப்பா. அவளா வரணும். கதவு தெறந்துதான இருக்குது."

பதினொரு மணிக்குப் பெரிய டீச்சர் சுற்றி வந்தார்.

"இன்னாங்க டீச்சர் இது? பொம்பளப் புள்ளய வெளிய நிக்க வெச்சிருக்கீங்க?"

"நான் நிக்க வெக்கல. அவ நிக்கறா."

"பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"காலைல கொடிக்கம்பத்தாண்ட அத்தினி பேர் நிக்கறாங்களே, அதைப் பாத்து இன்னா சொன்னாங்களோ, அதையே சொல்லட்டும்."

பெரிய டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தார். என் மடியில் பதிவேடு திறந்திருந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மதிய உணவுக்குச் சற்று முன், "மூணுல ரெண்டும் ஆறுல நாலும் ஒண்ணா, வேறயா?" என்று அவர் கேட்டபோது உள்ளே ஒரே கூச்சலாய் இருந்தது. "ஒண்ணுதான் டீச்சர்!" என்று தூணருகிலிருந்து விடை வந்தது. வாயிலிருந்து தவறி விழுந்த விடை. அவர் திரும்பிப் பாராமல், "எப்படி?" என்றார். மஞ்சுளா படி வரைக்கும் வந்து விளக்கினாள். உணவுக்குப் பின் மணி அடித்ததும் எல்லாரோடும் உள்ளே வந்து தன் இடத்தில் அமர்ந்தாள்.

"ஏ மொட்ட, சந்தன வாசன தூக்குது!" என்றான் புளிச்சோறு கேட்ட அதே பையன்.

"உன் தலைல எண்ண நாத்தம் அடிக்குது, அத்த வுட இது மேலு" என்றாள் அவள்.

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். மஞ்சுளா நாடா சுற்றிய கையை உயர்த்திக்கொண்டு கரும்பலகைக்குப் போனாள். அதைவிட நல்ல பாடத்தை நான் இன்றுவரை கண்டதில்லை.

அன்று நான் எழுதியது இது: 'மாணவி ஒருத்தி முற்பகல் முழுவதும் வகுப்பறைக்கு வெளியே நின்றாள். ஆசிரியர் அவளை உள்ளே அழைக்கவில்லை. ஆசிரியர் வாசற்படியில் அமர்ந்து பாடம் நடத்தினார். உணவு இடைவேளைக்குப் பின் மாணவி உள்ளே வந்தாள்.' அதில் உள்ளவை அனைத்தும் கண்டவை. அவர் என்னிடம் சொன்ன காரணம் இல்லை. அது பிறர் கூற்று. சிரிப்பு இல்லை, பாடத்தோடு தொடர்பற்றது. கொடிக்கம்பமும் இல்லை, நான் கவனிக்க அனுப்பப்பட்ட வகுப்பு அதுவன்று. ஒரு சொல்லும் மிகாமல் அமைந்ததாக அந்தப் பத்தியை இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன்.

வாரக் கடைசியில் பதிவேடு தலைமையாசிரியையின் கையெழுத்துக்குப் போக வேண்டும் என்பது கல்லூரியின் விதி. வழக்கமாய்ப் புரட்டாமலே கையெழுத்திடும் பெரிய டீச்சர் அம்முறை இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தின் நகல், நிர்வாகத் தாளாளரின் மேசையில் இருந்தது. மாணவியை வெளியே நிற்கவைத்துத் தண்டித்தார், தலைமையாசிரியையை அவமதித்தார் என்று ஆசிரியைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருந்தார்கள். கேள்விப்பட்டதும் வராந்தாவுக்கு ஓடினேன்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடறேன் டீச்சர். நான் பொய்யா எழுதிட்டேன்னு சொல்லிடறேன்."

அன்றுதான் அவருடைய கோபம் முழுதாக என்மேல் விழுந்தது.

"எழுதினது பொய்யா?"

"இல்ல."

"அப்ப எதுக்குக் கிழிக்கற? நின்னான்னு எழுதினியே, ஏன் நின்னான்னு எழுதினியா? உங்கிட்டதான சொன்னேன். பக்கத்துல உக்காந்துகினு கேட்டியே! எழுதினத நீ கிழிக்க வேணாம். எழுதாததப் போய் அங்க சொல்லு."

அலுவலக அறையில் தாளாளர், பெரிய டீச்சர், அவர், நான். தாளாளர் நகலை என் பக்கம் தள்ளினார்.

"இது நீ எழுதினதாம்மா?"

"ஆமாங்க."

"உள்ள கூப்புடலயா அவங்க?"

"கூப்பிடலங்க."

ஆசிரியை என்னைப் பார்த்தார். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். என் பயிற்சிக்குப் பெரிய டீச்சர் இட வேண்டிய மதிப்பெண் தாள் அதே மேசையில், கண்ணாடிக் குண்டின் கீழ், என் பெயரோடு வெறுமையாய்க் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். "சரி, நீ போலாம்" என்றார் தாளாளர். எழுந்தேன். கதவை அடைவதற்குள் ஆசிரியையின் குரல் வெடித்தது.

"அந்தப் பொண்ணு பக்கத்து ரூம்ல உக்காந்துகினு இருக்குது. அத்தக் கூப்ட்டுக் கேளுங்க. அதப் பத்தித்தான பேசறீங்க?"

"சின்னப் புள்ளைக்கு இன்னாம்மா தெரியும்?"

"அப்ப யாருக்காவ பள்ளிக்கூடம் நடத்திகினு இருக்கீங்க?"

மஞ்சுளாவை எவரும் கேட்கவில்லை. அவள் நின்றதைப் பற்றி மூன்று பெரியவர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். நின்றவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆணை வந்தது. திங்கள் முதல் அவர் கனகம்மாசத்திரத்தில் இருந்த நிர்வாகத்தின் மற்றொரு பள்ளிக்குப் போக வேண்டும். வகுப்பிடம் சொல்லிக்கொள்ளவும் விடவில்லை. இப்போதும் அவ்வழியே பேருந்தில் போகையில், கனகம்மாசத்திரம் நிறுத்தம் வந்தால் நான் மறுபக்கச் சன்னலைத்தான் பார்க்கிறேன். ஒருமுறையும் இறங்கியதில்லை.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். புது ஆசிரியர் வரும்வரை கணக்குப் பாடம் நான் நடத்த வேண்டும். பின்சுவரோடு இருந்த மேசை மீண்டும் முன்னால் வந்திருந்தது. கதவு திறந்திருந்தது. நான் வாசலில் நின்றேன்.

"உள்ளே வரலாமா?"

முப்பது தலைகள் நிமிர்ந்தன. எவரும் எழவில்லை, எவரும் சிரிக்கவில்லை. குடிதண்ணீர்க் குழாய் அலுவலகச் சன்னலுக்கு நேர்கீழே இருந்தது. அந்த அறையில் பேசியது எதுவும் குழந்தைகளுக்குத் தெரியாமல் இல்லை. மஞ்சுளா எழுந்து வந்தாள். தலையில் கறுப்பாய் முளை விட்டிருந்தது. மணிக்கட்டில் நாடா இருந்தது.

"தப்பா எழுத மாட்டேன்னு சொன்னீங்க."

"மஞ்சு, நான் எழுதினது..."

"வேணாம் டீச்சர். வராதீங்க."

திரும்பிப் போய்த் தன் இடத்தில் அமர்ந்து ஏட்டைத் திறந்தாள். மற்றவர்களும் திறந்தார்கள். உள்ளே நுழைந்து மேசையைத் தட்டியிருக்கலாம்; எனக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். பெரிய டீச்சர் அப்படித்தான் நுழைந்திருப்பார். நான் வராந்தாத் தூணருகே போய் நின்றேன். பாடவேளை முடியும்வரை நின்றேன். மஞ்சுளா கரும்பலகைக்குப் போய் ஒரு பின்னக் கணக்கு எழுதினாள். பின்வரிசைப் பையன் அதில் தவறு கண்டுபிடித்தான். யார் பலகையைத் துடைப்பது என்று சண்டை வந்தது. அவர்களாகவே தீர்த்துக்கொண்டார்கள்.

அன்றைய பக்கத்தில் எழுதினேன்: 'பயிற்சி மாணவி பாடவேளை முழுவதும் வகுப்பறைக்கு வெளியே நின்றாள். மாணவர்கள் அவளை உள்ளே அழைக்கவில்லை. காரணம்: சொல்ல வேண்டிய இடத்தில் அவள் வாய் திறக்கவில்லை.'

பதிவேடு கல்லூரியிலிருந்து திரும்பி வந்தபோது முதல் இரண்டு வாக்கியங்களும் அப்படியே இருந்தன. மூன்றாவதைப் பேராசிரியர் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் எழுதியிருந்தார்: 'கருத்து.'